குளிரில் மட்டும் கத்திய ஸ்பிட்ஃபயர்

நவம்பர் முதல் வாரம், காலை ஏழு மணி, வெளியே 3 டிகிரி. குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்துவிட்டுக் கார்ச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பிடித்த இரண்டாவது நொடியில் ஆரம்பித்தது அந்தச் சத்தம். கரும்பலகையில் சாக்பீஸை நிமிர்த்திப் பிடித்து இழுத்தால் பல் கூசுமே, அந்தச் சத்தம்தான். ஆனால் நிற்காமல் வந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கூடியது, விட்டால் குறைந்தது. எதிர் வீட்டு ஜன்னலில் திரை விலகியதைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கிளம்பினேன். ஒன்றரை மைல் தாண்டுவதற்குள் சத்தம் காணாமல் போய்விட்டது. மாலை திரும்பும்போதும் இல்லை. மறுநாள் காலை மறுபடி அதே கச்சேரி.

கார் 1968ஆம் வருஷத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. 1296 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஒரு டைனமோ. நான் இருப்பது இங்கிலாந்தின் கவென்ட்ரியில். இந்தக் கார் பிறந்த கான்லி ஆலையும் இதே ஊர்தான். 1980 ஆகஸ்டில் கடைசி ஸ்பிட்ஃபயர் அங்கிருந்து வெளியே வந்தது. இப்போது அந்த இடத்தில் அலுவலகங்களும் கடைகளும் இருக்கின்றன. ஹெரால்ட் அவென்யூ என்று ஒரு தெருப்பெயர் மட்டும் மிச்சம்.

அந்த ஹெரால்ட் நமக்கும் தெரிந்த வண்டிதான். மெட்ராஸில் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் தயாரானது. ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கி, மேலே இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உடம்பைப் போர்த்திய வண்டி. அதனால்தான் திருச்சியில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு, ஒரு ஸ்பிட்ஃபயரை நேரில் பார்த்ததே இல்லையென்றாலும், அதன் முன் சக்கரம் முதல் கிளட்ச் வரை எல்லாம் அத்துப்படி. இருபது வருஷம் ஹெரால்டுகளைப் பிரித்து மாட்டியவர். எனக்கு வண்டியில் சந்தேகம் வந்தால் முதல் ஃபோன் அவருக்குத்தான்.

முதல் நாளே கூப்பிட்டேன். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, இன்ஜின் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"என்னப்பா, ஒண்ணும் கேக்கலையே. நீ பேசறது மட்டும்தான் வருது."

காதைப் பிளக்கிற சத்தம், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை! பிறகுதான் உறைத்தது. விடாமல் ஒரே மாதிரி வரும் இரைச்சலைப் பின்னணிச் சத்தம் என்று முடிவுகட்டி ஃபோனே வடிகட்டிவிடுகிறது. மனிதக் குரலை மட்டும் அனுப்புகிறது. சரி என்று தனியாக ரெக்கார்ட் செய்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் குரல் வந்தது: "பெல்ட்டா இருக்கலாம், சோப்பு தேய்ச்சுப் பாரு. இல்லேன்னா ஸ்பீடோமீட்டர் கேபிள். ஹெரால்டுல மார்கழி மாசம் இப்படித்தான் கத்தும்."

இரண்டாவது யோசனையைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். வண்டி நின்றுகொண்டிருக்கிறது, சக்கரம் சுற்றவில்லை. ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸின் வெளியேறும் ஷாஃப்டிலிருந்து வருவது. வண்டி நகராமல் அது எப்படிக் கத்தும்? சித்தப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இந்த விஷயத்துக்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

முதலில் பெல்ட், இன்ஜினின் சுழற்சியை வாட்டர் பம்புக்கும் டைனமோவுக்கும் கொண்டுபோகும் ரப்பர் பட்டை. ஸ்பிட்ஃபயரில் வேலை செய்வதில் ஒரு சுகம் உண்டு. பானட் என்று தனியாக ஒன்று கிடையாது, மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து வண்டியின் முன்பாதி முழுவதும் முன்னோக்கிக் கவிழும். கவிழ்த்துவிட்டு முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினைத் தொடலாம். அப்படி உட்கார்ந்து பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கியது. கொஞ்சம் தொய்வுதான். டைனமோவின் போல்டுகளைத் தளர்த்தி, ஒரு மரக்கட்டையால் நெம்பி, இறுக்கினேன். ஸ்டார்ட் செய்தால், சத்தம் இல்லை! வெற்றி என்று கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலை 4 டிகிரியில் அதே 'கீ...ச்'.

ஊரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். மத்தியானம் இரண்டு மணிக்கு, சூடான வண்டியைக் கொடுத்தால் அவர்களுக்கு என்ன கேட்கும்? பெல்ட் பழையது என்று புதிதாக மாற்றி, ஐம்பத்தைந்து பவுண்டு வாங்கிக்கொண்டு, "இப்போது சத்தம் இல்லை பாருங்கள்" என்று கொடுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, வந்தபோதும் சத்தம் இல்லையே.

இந்த மாதிரிக் குளிர்ச் சத்தத்தின் தந்திரம் இதுதான் என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. ஐந்து நிமிஷத்தில் தானாக நின்றுவிடுகிற சத்தம். நீங்கள் ஒரு ஸ்பேனரைத் தேடி எடுத்து ஏதாவது ஒரு போல்டை இறுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நின்றிருக்கும். எந்த போல்டை இறுக்கினாலும் நின்றிருக்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாலும் நின்றிருக்கும். ஆக, ஒரு காலைக்கு ஒரே ஒரு சோதனைதான் நம்பத்தக்கது. அதையும் முந்தைய இரவே தயார் செய்து வைத்துவிட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்து, முதல் முப்பது நொடியில் சத்தம் வருகிறதா இல்லையா என்று மட்டும் எழுத வேண்டும். மளிகைக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து மூன்று கட்டம் போட்டேன்: வெளி வெப்பம், என்ன மாற்றினேன், சத்தம் உண்டா.

முதல் இரவு பெல்ட்டையே கழற்றி வைத்தேன். பெல்ட் இல்லாவிட்டால் வாட்டர் பம்பும் டைனமோவும் சுற்றாது, இரண்டும் ஒரே அடியில் விசாரணையிலிருந்து விடுபடும். டைனமோ மேல் எனக்கு நிறையச் சந்தேகம் இருந்தது. லூகாஸ் சி40 டைனமோவின் பின்பக்கத்தில் பேரிங் கிடையாது, தண்டு உரசிச் சுற்றும் ஒரு சின்ன உலோகக் குழல், அதாவது புஷ்தான். அதில் எண்ணெய் விடுவதற்கென்றே சின்னத் துளை இருக்கும், யாரும் விடமாட்டார்கள். காய்ந்துபோனால் குருவி மாதிரிக் கத்தும். வாட்டர் பம்ப் சுற்றாததால் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. குளிர்ந்த இன்ஜினுக்கு அது ஒன்றும் செய்யாது. ஃபேன் மட்டும் சுற்றும், அது இந்த இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் என்ற பிரதான சுழல்தண்டின் மூக்கிலேயே மாட்டியிருக்கிறது. பெல்ட் இல்லையென்ற தைரியத்தில் கையை விட்டால் விரல் போகும்.

காலை 3 டிகிரி. சாவியைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது, டைனமோ சார்ஜ் செய்யவில்லை என்று அர்த்தம், சரிதான். கூடவே சத்தமும் கம்பீரமாக வந்தது.

புது பெல்ட்டுக்குக் கொடுத்த ஐம்பத்தைந்து பவுண்டை நினைத்துக்கொண்டே நோட்டில் எழுதினேன்: பெல்ட் இல்லை, பம்ப் இல்லை, டைனமோ இல்லை.

அடுத்தது கிளட்ச். இந்தச் சோதனைக்குத் தயாரிப்பு எதுவும் தேவையில்லை. சத்தம் வரும்போது கிளட்ச் பெடலில் காலை லேசாக வைத்தால் போதும். பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் காரணமாக இருந்தால் சத்தம் மாறியே ஆக வேண்டும், ஒன்று நிற்கும், அல்லது கூடும். மாறவில்லை. பாதி அழுத்தினேன், முழுக்க அழுத்தினேன். ஒன்றும் இல்லை.

கிளட்ச் பக்கம் போனதால் இன்னொரு பயமும் வந்து ஒட்டிக்கொண்டது. ட்ரையம்ஃபின் இந்த நாலு சிலிண்டர் இன்ஜினை வைத்திருக்கும் எல்லோருக்கும் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு பாகம் உண்டு: த்ரஸ்ட் வாஷர். கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் இரண்டு பிறைத் துண்டுகள், பின் மெயின் பேரிங்கில் இருப்பவை. கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பாரம் அதன் மேல்தான். தேய்ந்து மெலிந்தால் கழன்று எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்துவிடும். அதற்கப்புறம் கிராங்க் இன்ஜின் பிளாக்கையே அரைக்க ஆரம்பிக்கும், இன்ஜினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எனவே நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜைக் காந்த ஸ்டாண்டில் பொருத்தி, அதன் முனையை முன் புல்லியில் வைத்தேன். பையனை உள்ளே உட்காரவைத்துக் கிளட்சை மிதிக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே மிதித்தான். 0.18 மில்லிமீட்டர் நகர்ந்தது. கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள்தான். சத்தத்துக்கு இதில் விடை இல்லை, ஆனால் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

காற்றுக் கசிவையும் ஒரு காலை பார்த்தேன். இன்ஜினுக்குள் காற்றுக் கலவை போகும் குழாயின், அதாவது இன்டேக் மேனிஃபோல்டின், கேஸ்கெட்டில் விரிசல் இருந்தால் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது சீழ்க்கை வரும். பூவாளி மாதிரித் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் மூட்டுகளில் லேசாக அடித்தேன், மாற்றமில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தேன், அதிலும் மாற்றமில்லை. மேற்கொண்டு இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கிடையில் ரெக்கார்ட் செய்த சத்தத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு வேகத்தைக் குறைத்துக் கேட்டேன். சாதாரணமாகக் கேட்கும்போது ஒரே நீட்டாகத் தெரிந்தது, மெதுவாகக் கேட்டால் 'கீ-கீ-கீ' என்று துண்டு துண்டாக இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் பிடித்து, விட்டு, பிடித்து... ஆக இது ஒரு சுழலும் பொருள். இன்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 800 சுற்றில் ஓடிக்கொண்டிருந்த பகுதியை எடுத்து எண்ணினேன். நொடிக்கு ஏழுக்குக் கொஞ்சம் குறைவு. 800ஐ அறுபதால் வகுத்தால் நொடிக்குப் பதின்மூன்று சுற்று. ஏறத்தாழ அதில் பாதி!

கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவது எது? வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட். அதிலிருந்து ஓடும், பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர். இதை முதல் நாளே எண்ணியிருந்தால் பெல்ட் காசு மிஞ்சியிருக்குமே என்று நினைத்தேன். பிறகு யோசித்தால் அதுவும் உறுதியில்லை. பெல்ட் நீளமானது, அது ஒரு முழுச் சுற்று வருவதற்குள் கிராங்க் இரண்டுக்கு மேல் சுற்றிவிடும். பெல்ட்டில் ஒரு இடம் மட்டும் கெட்டிருந்தாலும் எண்ணிக்கை இதற்குப் பக்கத்தில்தான் வரும். எண் ஒரு சாட்சி, அவ்வளவுதான். நல்லவேளை, பெல்ட்டை ஏற்கெனவே கழற்றிப் பார்த்தாயிற்று.

மறுநாள் காலை நீளமான திருப்புளியுடன் போனேன். முனையை இன்ஜினின் ஒரு பாகத்தில் அழுத்தி, பிளாஸ்டிக் கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் வைத்தால், அந்தப் பாகத்துக்குள் நடப்பது தலைக்குள்ளேயே கேட்கும். நம்மூர்ப் பட்டறைகளில் எல்லோரும் செய்வதுதான். டாக்டர் வைத்திருப்பது போன்ற கருவியே இதற்குக் கடையில் கிடைக்கிறது, எனக்குத் திருப்புளிதான் கைவந்தது. டைமிங் செயின் மூடியில் வைத்தேன்: சரசரப்பு. வால்வு மூடி: டிக்டிக். டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் வைத்ததும் தலைக்குள் ஊசி இறங்கியது மாதிரி, சட்டென்று காதை எடுத்துவிட்டேன். அவ்வளவு தெளிவு.

பிடித்துவிட்டேன் என்று ஒரே உற்சாகம். பழைய டெல்கோ டிஸ்ட்ரிபியூட்டர், அதன் ஷாஃப்ட் புஷ்ஷில் சுற்றுகிறது. மூடியையும் ரோட்டரையும் எடுத்துவிட்டு எண்ணெய் விட வேண்டிய இடங்களில் எல்லாம் அளவாக விட்டேன். உள்ளே மின்சாரத்தைத் தொட்டு விடும் பாயின்ட்டில் ஒரு சொட்டு பட்டாலும் வண்டி நடு ரோட்டில் நிற்கும் என்பதால் ஊசி போடும் சிரிஞ்சால் ஒவ்வொரு சொட்டாக. மறுநாள் காலை: சத்தம் இல்லை. அதற்கு மறுநாள்: இல்லை. முந்தைய இரவே செய்த மாற்றம், காலை முதல் ஸ்டார்ட், எல்லாம் நான் போட்ட விதிப்படிதான். சித்தப்பாவுக்கு "முடிஞ்சுது, டிஸ்ட்ரிபியூட்டர்" என்று செய்தி அனுப்பினேன். "நல்லது" என்று ஒரு வார்த்தையில் பதில். அவர் நம்பவில்லை என்று அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை சத்தம் திரும்பி வந்தது.

நோட்டைத் திறந்து பார்த்தேன். சத்தம் இல்லாத இரண்டு நாளும் வெளி வெப்பம் 11, 10. மேகமூட்டம், மழை. இங்கே நவம்பரில் அப்படி நடுவில் இரண்டு நாள் வரும். திரும்பி வந்த காலையில் 2 டிகிரி. வெப்பத்துக்கு என்று கட்டம் போட்டு, அதை நிரப்பிக்கொண்டே வந்து, படிக்காமல் விட்டவன் நான். டிஸ்ட்ரிபியூட்டருக்கு எண்ணெய் விட்டது வீண் இல்லை, எப்படியும் விட வேண்டியதுதான். ஆனால் நோய் அது இல்லை.

அன்று மாலை சித்தப்பா தானாகவே கூப்பிட்டார்.

"திரும்ப வந்துடுச்சு சித்தப்பா."

"வரும். நீ இன்ஜினையே எடுத்து எடுத்து அனுப்பறே. உள்ள உக்காந்து, கத்தும்போது மீட்டரையெல்லாம் ஒரு வீடியோ எடு."

"மீட்டர் எதுக்கு? ஸ்பீடோமீட்டர் சைபர்ல நிக்குது."

"எடுத்து அனுப்புடா, காசா பணமா."

எடுத்தேன். ஸ்பிட்ஃபயர் மார்க் 3ல் மீட்டர்கள் ஓட்டுபவர் முன்னால் இருக்காது, டாஷ்போர்டின் நடுவில் இருக்கும். ஸ்டியரிங் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, ஒரே டாஷ்போர்டு. கையை நீட்டி ஃபோனை அதற்கு நேராகப் பிடித்து ஸ்டார்ட் செய்தேன். அனுப்புவதற்கு முன் ஒரு முறை போட்டுப் பார்த்தேன். ஸ்பீடோமீட்டர் சைபரில் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில், இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டரின் முள் 700க்கும் 1100க்கும் நடுவே நடுங்கியது. சத்தம் ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கி. சத்தம் நின்ற நொடியில் முள்ளும் நின்றது.

இந்த நடுக்கத்தை நான் பார்க்காமல் இல்லை. இரண்டு குளிர்காலமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பழைய வண்டி, காலையில் முள் கொஞ்சம் ஆடும், வயசான உடம்பு என்று அதற்கு ஒரு செல்லக் காரணமும் வைத்திருந்தேன்.

பின்னாளில் வந்த கார்களில் ஆர்பிஎம் மீட்டருக்கு ஒரு ஒயர்தான் போகும், இக்னிஷனிலிருந்து துடிப்பை எண்ணிக்கொள்ளும். ஆனால் இந்த வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்ன கியர் இருக்கிறது. அதிலிருந்து ஸ்பீடோமீட்டர் கேபிள் மாதிரியே ஒரு கேபிள் புறப்பட்டு, தடுப்புச் சுவரைத் துளைத்து, டாஷ்போர்டுக்குப் போகிறது. வண்டி நின்றாலும் இன்ஜின் ஓடினால் அது சுற்றும். எனக்கு இது தெரியும். ஆனால் 'ஸ்பீடோமீட்டர் கேபிள்' என்று சித்தப்பா சொன்னதும் ஸ்பீடோமீட்டர் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வாதம் செய்தேனே தவிர, இரண்டாவது கேபிள் ஒன்று இருப்பது நினைவுக்கே வரவில்லை. ஹெரால்டில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, அதனால் அவர் தனக்குத் தெரிந்த கேபிளின் பெயரைச் சொன்னார். திருப்புளி டிஸ்ட்ரிபியூட்டரைக் காட்டியதற்கும் இதுதான் காரணம். சத்தம் மேலே பிறந்து கேபிள் வழியாக நடந்து கீழே வந்திருக்கிறது.

இனி யூகம் வேண்டாம் என்று மூன்று இரவு, மூன்று காலை ஒதுக்கினேன். முதல் இரவு டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கேபிளின் நட்டைக் கழற்றித் தள்ளி வைத்தேன். காலை 2 டிகிரி, ஆர்பிஎம் மீட்டர் செத்துக் கிடந்தது, வண்டி பேசாமல் ஓடியது. அந்த அமைதியை நம்ப முடியாமல் ஐந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் இரவு அதைத் திரும்ப மாட்டிவிட்டு, மீட்டர் பக்கம் கழற்றினேன். இப்போது கேபிள் சுற்றும், மீட்டர் சுற்றாது. காலை 1 டிகிரி, சத்தம் இல்லை. ஆக டிஸ்ட்ரிபியூட்டர் கியரும் இல்லை, கேபிளும் இல்லை. மிச்சம் மீட்டர் ஒன்றுதான். மூன்றாம் காலைக்கு அவசியம் இருக்கவில்லை.

மீட்டரை வெளியே எடுப்பது ஒரு யோகாசனம். சீட்டில் தலைகீழாகப் படுத்து, கால்களைச் சீட்டின் முதுகுப் பக்கம் மேலே போட்டு, தலையைப் பெடல் பக்கம் இறக்கினால்தான் டாஷ்போர்டின் பின்புறம் கை போகும். விரலால் திருகும் இரண்டு நட்டுகள், அவை பிடித்திருக்கும் வளைந்த தகடுகள், ஒரு எர்த் ஒயர், ஒரு பல்பு. நட்டு ஒன்று கண்ணிலேயே விழுந்தது. பேட்டரியை முதலில் கழற்றிவிடுங்கள். அங்கே இருக்கும் ஒயர்களில் பலதுக்கு ஃப்யூஸ் கிடையாது.

கையில் வந்ததும் பின்பக்கத்து ஓட்டையில் தீக்குச்சி அளவு சதுரக் கம்பியை விட்டுச் சுற்றினேன். வழவழவென்று சுற்றியது, சத்தமே இல்லை. வீட்டுக்குள் 20 டிகிரி, எப்படி வரும்? குளிர் வேண்டும். மீட்டரைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, ஈரம் படியாமல் மூடி, ஃபிரிட்ஜில் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் எடுத்துச் சமையல் மேடையில் ஒரு துண்டை விரித்து அதன் மேல் வைத்தேன். பேட்டரி டிரில்லில் சதுரக் கம்பியை மாட்டி, முள் ஏறும் திசையைக் கவனித்து மெல்ல ஓட்டினேன். திசை மாறினால் முள் தடுப்பில் போய் முட்டும்.

'கீ...ச்.'

சமையலறை முழுக்க. மாடியிலிருந்து மனைவி இறங்கி வந்தாள். டிரில்லையும் மீட்டரையும் இட்லி மாவையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இதுக்காகவா மூணு வாரமா ஊரையே எழுப்பினீங்க? இத்தனூண்டு இருக்கு!"

இந்த மீட்டருக்குள் நடப்பது அழகான விஷயம். கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தை மூடினாற்போல் ஒரு அலுமினியக் கிண்ணம், அதில்தான் முள் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. காந்தம் சுற்றும்போது அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது; ஒரு மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்துகிறது. இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். தொடாத பொருள்கள் கத்தாது. காந்தத்தைத் தாங்கும் தண்டு மட்டும் ஒரு புஷ்ஷுக்குள் உரசிச் சுற்றுகிறது. ஐம்பது வருஷத்துக்கு மேல் யாரும் அதற்கு எண்ணெய் காட்டவில்லை. இருந்த கொஞ்சமும் கெட்டிப்பட்டு மெழுகாகிவிட்டது. குளிரில் மெழுகு இறுகித் தண்டைப் பிடிக்கும், ஹீட்டர் காற்று டாஷ்போர்டை எட்டியதும் இளகிவிடும். இன்ஜின் சூடானதால் சத்தம் நிற்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சூடானது டாஷ்போர்டு.

வைத்தியம் பத்து நிமிஷம். மீட்டரை முகம் கவிழ்த்து வைத்தேன். தண்டும் புஷ்ஷும் சேரும் இடத்தில் சிரிஞ்சால் ஒரு சொட்டுக் கடிகார எண்ணெய் விட்டு, கம்பியால் சுற்றி, டிஷ்யூ தாளின் நுனியால் கறுப்பாக வந்த அழுக்கை உறிஞ்சினேன். மூன்று தடவை. கறுப்பு நின்று தெளிவாக வந்ததும் கடைசியாக ஒரு சொட்டு விட்டு நிறுத்திக்கொண்டேன். ஆசைப்பட்டு நிறைய விட்டால் எண்ணெய் கிண்ணத்துக்குப் போய்விடும், காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு முள் பொய் சொல்ல ஆரம்பிக்கும். டப்பாவிலிருந்து பீய்ச்சும் ஸ்ப்ரே எண்ணெயை இங்கே அடிக்கவே கூடாது. அப்போதைக்கு அடங்கும், மிச்சமிருந்த பசையையும் கரைத்துக்கொண்டு போய்விடும், அடுத்த குளிருக்கு இரட்டிப்பாகக் கத்தும்.

எண்ணெய் விட்டதும் டிரில்லை எடுக்கவில்லை. மறுபடி பையில் போட்டு மறுபடி ஃபிரிட்ஜ். இந்த முறை ஏமாறத் தயாராக இல்லை. மறுநாள் காலை, அதே மேடையில், அதே டிரில்லில், டிரில்லின் சத்தம் மட்டும் வந்தது. முள் நடுங்காமல் ஏறி நின்றது.

கேபிளையும் விடவில்லை. உள்கம்பியை உருவினால், கீழ்ப் பாதியில் தார் மாதிரி காய்ந்த கிரீஸ், மேல் பாதி காய்ந்து பளபளவென்று. ஒரு இடத்தில் இழை பிரிந்து விரலைக் குத்தியது. புதிதே வாங்கினேன், பதினெட்டு பவுண்டு. மாட்டும்போது இரண்டு விஷயம். மேல் முனையில் கடைசி எட்டு அங்குலத்துக்குக் கிரீஸ் பூசக் கூடாது. கேபிள் சுற்றும்போது கிரீஸ் அதன் முறுக்கிலேயே ஏறி மீட்டருக்குள் போய்விடும். இன்னொன்று, வளைவு. ஆறு அங்குல ஆரத்துக்குக் குறைவாக எங்கேயும் மடங்கக் கூடாது. என் பழைய கேபிளைப் பேட்டரித் தட்டுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைப் போட்டு இறுக்கி, கிட்டத்தட்ட முழங்கை மாதிரி மடக்கியிருந்தார்கள். முள்ளின் நடுக்கத்தில் அதற்கும் பங்கு இருந்திருக்கும்.

டிசம்பர் 9, மைனஸ் 2 டிகிரி. கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். 1200ல் முள் ஆணி அடித்தாற்போல் நின்றது, சோக்கைத் தள்ளத் தள்ள 800க்கு வந்தது. ஒரு நிமிஷம் முழுதாக ரெக்கார்ட் செய்து சித்தப்பாவுக்கு அனுப்பிவிட்டு, பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

மத்தியானம் பதில் வந்தது. "சத்தம் போயிடுச்சு. மூணாவது சிலிண்டர்கிட்ட டேப்பட் கொஞ்சம் ஜாஸ்தியா அடிக்குது பாரு. பத்து தவ்ல வை."

வால்வுக்கு மேலே விடும் இடைவெளியைத்தான் சொல்கிறார்; பத்து தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு. சனிக்கிழமைக்கு அதை அளக்கும் ஃபீலர் கேஜை எடுத்து வைத்திருக்கிறேன்.